ஆறாம் நம்பர் கிணத்துத் தண்ணி

ஜன்னல் பக்கம் நீங்க உக்காந்துக்குங்க சார். எனக்கு வேணாம். எனக்குக் காத்து முக்கியமில்ல, இந்தப் பெட்டி மேல வெயில் படக்கூடாது, அவ்ளோதான். உள்ள ஐஸ் இருக்கு. மீனா? மீன் இல்ல சார். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. கண்டக்டர் கூட மூக்கைச் சுளிச்சிட்டுதான் டிக்கெட் கிழிச்சாரு. பன்னெண்டு காலி பாட்டில், ரெண்டு பை ஐஸ். போறப்ப காலி, வர்றப்ப தண்ணி.

நீங்க எது வரைக்கும்? காதுகுத்துக்கா? சந்தோசம். அப்ப ஈச்சந்தாங்கல் தாண்டிப் போகணும் நீங்க. நான் ஈச்சந்தாங்கல்ல இறங்கிடுவேன். எப்படியும் முக்கா மணி நேரம் ஆவும், ரோடு அப்படி.

எம் பேரு எத்திராஜ். நிலத்தடித் தண்ணியில மாதிரி எடுக்கறது தொழில். கம்பெனிக்காரங்க கெடுத்து வெச்ச மண்ணு இருக்கு பாருங்க, அதுல அங்கங்க குழாய் இறக்கியிருப்பாங்க. குடிக்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு. கீழ தண்ணி எந்த ஆழத்துல நிக்குது, அதுல என்ன கலந்திருக்கு, எந்தப் பக்கமா நகருதுன்னு பாக்கற கிணறு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ போய் டேப்பு விட்டு ஆழம் பாக்கணும். நுனி தண்ணியத் தொட்டா பீப்புனு கத்தும், அந்த இடத்துல வெரல வெச்சுப் படிக்கணும். அப்புறம் மோட்டார் இறக்கி இறைக்கணும். ஏன் இறைக்கணும்? குழாய்க்குள்ள மூணு மாசமா நின்ன தண்ணி நின்ன தண்ணிதான் சார், அது நெலத்துத் தண்ணி இல்ல. நின்னதை வெளிய தள்ளிட்டு, நெலத்துக்குள்ள இருந்து புதுசா வர்றதைப் புடிக்கணும். அதுதான் மாதிரி. மத்ததெல்லாம் சும்மா பாட்டில் ரொப்பறது.

இதுல ஒரு தப்பும் பண்ணக்கூடாது. நான் பண்ணதும் இல்ல. இருபத்தி மூணு வருசம் சர்வீஸ். மெட்ராஸ்ல ஒரு லேப்ல இருந்தேன். என் கையெழுத்து இருந்தா அந்தக் காகிதத்தை யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. திருப்பிப் பாத்திருக்கலாம்னு இப்பத் தோணுது. சரி, அது கெடக்கட்டும்.

ஈச்சந்தாங்கல்ல ஒரு முலாம் பூசற கம்பெனி இருந்துச்சு. சைக்கிள் ரிம்மு, பைக் சைலன்சர், அதுக்கெல்லாம் பளபளன்னு பூசுவாங்களே, அது. மூடிப் பன்னெண்டு வருசம் ஆச்சு. மூடினது கம்பெனி, கழிவு அங்கயேதான் இருக்கு. அதுல குரோமியம்னு ஒண்ணு. தண்ணில எறங்கினா மஞ்சளா வரும். சுத்தம் பண்ணி முடிக்கிற வரைக்கும் பக்கத்துக் காலனிக்குக் கம்பெனி தினம் ஒரு லாரி நல்ல தண்ணி குடுக்கணும், ஒம்போது கிணறு போட்டு அளந்துக்கிட்டே இருக்கணும்னு உத்தரவு. அந்த ஒம்போதுல ஆறாம் நம்பர்தான் முக்கியம். காலனி பக்கத்து மூலையில இருக்கு. கீழ தண்ணி அந்தப் பக்கமாத்தான் நகருது. ஆறாம் நம்பர்ல தொடர்ந்து மூணு தடவ தண்ணி சுத்தம்னு வந்துச்சுன்னா லாரிய நிறுத்திக்கலாம். உத்தரவுல அப்படி இருந்துச்சு. உத்தரவ எழுதினது நான் இல்ல.

நான் அங்க பதினொரு வருசமா போறேன். ஆறாம் நம்பருக்கும் காலனிக்கும் நடுவுல ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தாண்ட அமுலுன்னு ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். நான் டேப்பை எறக்கினா போதும், அந்த பீப்பு சத்தத்துக்கு எங்கிருந்தாலும் வந்து வேலியப் புடிச்சிக்கிட்டு நின்னுடும்.

"தண்ணி எப்டி கீது சார்?"

"ரிப்போர்ட் வரும்மா."

"யாருக்கு வரும்?"

"கம்பெனிக்கு."

"எனுக்கு எப்ப வரும்?"

"அதுக்கு ஒரு முறை இருக்கும்மா."

பதினொரு வருசம், வருசத்துக்கு நாலு தடவ. நாப்பத்தி நாலு தடவ இதே கேள்வி, இதே பதில். நான் ஒரு தடவ கூட கோச்சிக்கிட்டதில்ல. பொறுமை சார். இந்தத் தொழில்ல பொறுமை இல்லேன்னா முடியாது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அந்த மூடின கம்பெனி எடத்தைப் பாத்துக்கப் புது மேனேஜர் வந்தாரு. நந்தகோபால்னு பேரு. அதுக்கு முன்னாடி இருந்தவங்கள்லாம் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல. இவர் வந்த முதல் நாளே "வாங்க இன்ஜினியர் சார்"னாரு. நான் டிப்ளமோதான். ஆனா திருத்தல. ஒருத்தர் மரியாதையா கூப்பிடறப்ப அதப் போய்த் திருத்தினா அவர் மனசு கஷ்டப்படும்.

ஆம்பூர்லருந்து பிரியாணி வரவழைப்பாரு. எனக்காகவே. கிணத்து வேலையக் கவனிக்க ஆள் வேணும்னு வாட்ச்மேன் ஏகாம்பரத்தையும் கூட அனுப்புவாரு. ஏகாம்பரம் நல்ல மனுசன். வாய் பேசாது, சொன்னதச் செய்யும். பிரியாணி சரியா பதினொன்னரைக்கு வந்துடும். ஆறினா நெய் ஒறைஞ்சிடும், அதனால வந்ததும் சாப்பிடணும். நான் பதினொண்ணேகாலுக்கு ஆறாம் நம்பராண்ட போவேன், வேலைய முடிச்சிட்டு வந்து கை கழுவுவேன். எதுக்கும் அவசரப்பட்டதில்ல.

ஜூலை மாசம். டேப்பு விட்டேன். தண்ணி எப்பவும் நிக்கற இடத்துலருந்து ஏழடி மேல நிக்குது. பக்கத்துல அஞ்சாம் நம்பர்ல அப்படி இல்ல. மழையும் இல்ல. வேற ஆளா இருந்தா கவனிச்சிருக்கவே மாட்டான். நான் கவனிச்சேன். ஏழடி மேலன்னு எழுதினேன். பக்கத்துல குறிப்புக் கட்டத்துல ஒரு கேள்விக்குறி போட்டேன். அதுக்கு மேல ஒருத்தன் என்ன சார் பண்ண முடியும்? இறைச்சேன், தண்ணி கண்ணாடி மாதிரி வந்துச்சு, புடிச்சேன். ரிசல்ட் சுத்தம்.

அக்டோபர்ல போனேன். அதே ஏழடி. அதே சுத்தம். திரும்பக் கேள்விக்குறி போட்டேன். ஜனவரியிலயும் போட்டேன். மூணு கேள்விக்குறி சார், மூணு ரிப்போர்ட்ல. ஒருத்தரும் என்னன்னு கேக்கல. நம்ம ஊர்ல யாரும் படிக்கறதே இல்ல.

பிப்ரவரி மாசம் லாரிய நிறுத்திட்டாங்க.

எனக்கு அது தெரியாது. எனக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, சொல்லணும்னும் இல்ல. ஏப்ரல்ல ஒரு வெள்ளிக்கிழமை போறேன், அன்னைக்குத்தான் தெரியும். டேப்பு கத்தினதும் அமுலு வந்துச்சு. எப்பவும் கேக்கறதைக் கேக்கல.

"நீ வந்து தண்ணி எடுத்துக்கினு போன, லாரி நின்னு போச்சு"ன்னுச்சு.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பதினொரு வருசமா 'சார்'னு கூப்பிட்ட அம்மா 'நீ'ன்னா? நான் சொன்னேன்: "ஏம்மா, தண்ணி சுத்தமாயிடுச்சு, அதனால நிறுத்தியிருப்பாங்க. நல்ல விசயந்தானே?"

"போர் தண்ணிதான் குடிக்கிறோம். குழந்தையக் குளிப்பாட்றோம். பேரப்புள்ள உடம்பெல்லாம் புண்ணு."

மருமக தோள்ல குழந்தை இருந்துச்சு. எட்டு மாசம் இருக்கும். தூக்கிக் காட்டுச்சு. முதுகு, தொடை எல்லாம் செவந்து கெடந்துச்சு. நான் பாத்தேன். குழந்தைங்களுக்குப் புண்ணு வர்றதுக்கு நூறு காரணம் இருக்கு சார். வேர்க்குரு இருக்கு, அம்மை இருக்கு, சோப்பு ஒத்துக்காம போறது இருக்கு. நான் டாக்டர் இல்ல. டாக்டர்கிட்ட காட்டும்மான்னு சொன்னேன். அதச் சொல்லாமப் போயிருந்தா நீங்க என்னைக் கேக்கலாம். நான் சொன்னேன்.

சரி, மோட்டார் எறக்கிப் போட்டாச்சு. அஞ்சு நிமிசத்துல மீட்டர்ல அளவெல்லாம் மாறாம நின்னு போச்சு. சூடு, உப்பு, எல்லாம் மூணு தடவ பாத்தா மூணும் ஒண்ணு. தண்ணி தெளிவா போவுது. பாட்டில எடுக்கலாம்னு பாத்தா ஐஸ் இல்ல. எப்பவும் ஐஸும் பிரியாணியும் ஒரே ஆட்டோவுல வரும். அன்னைக்கு ஆட்டோ வழியில பஞ்சராயிடுச்சுன்னு போன் வந்து, ஏகாம்பரம் சைக்கிள்ல போயிருந்தான். ஐஸ் இல்லாம மாதிரி எடுக்கக்கூடாது. எடுத்தா எடுத்த நிமிசத்துலருந்து கெட ஆரம்பிச்சிடும். அதுல நான் கறார். அதனால மோட்டார நிறுத்தாம, அது பாட்டுக்கு ஓடட்டும்னு வேப்பமரத்தடியில உக்காந்து பேப்பர் படிச்சேன். பசி வேற.

எவ்ளோ நேரம் ஆச்சுன்னு அன்னைக்குத்தான் கடிகாரத்தைப் பாத்தேன். முப்பத்தஞ்சாவது நிமிசம். பேப்பர்லருந்து தலையத் தூக்கறேன், குழாயிலருந்து வர்ற தண்ணி கொஞ்சம் மஞ்சளா தெரியுது. கண்ணாடியக் கழட்டித் துடைச்சேன். திரும்பப் பாத்தேன். நல்லா மஞ்சள். முப்பத்தெட்டாவது நிமிசம், கல்யாண வீட்ல தெளிக்கற மஞ்சத்தண்ணி மாதிரி. மீட்டர்ல உப்பளவு நாலு மடங்கு ஏறிடுச்சு. குழாயோட வாய் வேலியோரக் கால்வாயில கெடந்துச்சு. கால்வாய் பூரா மஞ்சள் ஓடுது, வேலிக்கு அடியில பூந்து அந்தப் பக்கம் போவுது.

எனக்கு வந்த கோவம் இருக்கே சார். உங்களால நெனைச்சுப் பாக்க முடியாது. என் கிணறு சார் அது. பதினொரு வருசமா அதோட ஒவ்வொரு அங்குலமும் என் நோட்டுல இருக்கு. யாரோ அதுல கைய வெச்சிருக்கான்! மேல ஏழடி நல்ல தண்ணிய ஊத்தி மூடி வெச்சிருக்கான். மூணு தடவ நான் அளந்தது வேற எவனோ ஊத்தின தண்ணிய!

அதுக்குள்ள அமுலு வேலிக்கு அடியில கைய விட்டு, ஒரு பழைய கலர் சோடா பாட்டில்ல அந்த மஞ்சத் தண்ணியப் புடிக்குது. கால்வாயிலருந்து. சேறும் அதுவுமா. பாட்டிலுக்குள்ள கலர் ஒட்டிக்கிட்டு கெடக்கு. கழுவக்கூட இல்ல.

"ஏம்மா, என்ன பண்ற?"

"எட்த்துக்கினு போய்க் காட்டப் போறேன்."

"இப்படிப் புடிச்சா எவனும் ஒத்துக்க மாட்டான். கால்வாய்த் தண்ணிம்பான், பாட்டில்ல இருந்த கலரும்பான்."

"அப்ப நீ புடிச்சிக் குடு."

நான் ஒண்ணு தெளிவா சொல்லிடறேன் சார். பின்னாடி ஆளாளுக்கு ஒரு கதை கட்டினாங்க, நான் என்னமோ ஜனங்க பக்கம் நின்னேன், மனசு எறங்கிட்டேன், அப்படி இப்படின்னு. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு மாதிரிய தப்பா எடுக்கறத என்னால கண்ணால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. சமையல்காரன் முன்னாடி நீங்க அரிசிய கழுவாம போட்டா அவனுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான். நான் என் பெட்டியிலருந்து ஒரு நல்ல பாட்டில எடுத்தேன். புதுக் கையுறை போட்டேன். குழாயைக் கால்வாயிலருந்து தூக்கி, நேரா வாயிலருந்து புடிச்சு மூணு தடவ கழுவி ஊத்தினேன். நாலாவது தடவ ஒரு காத்துக் குமிழ் இல்லாம ரொப்பி மூடினேன். லேபிள்ல கிணத்து நம்பர், தேதி, நேரம், 'மாதிரி எடுத்தவர்' எத்திராஜ்னு கையெழுத்து. லேபிள் ஒட்டினா கையெழுத்துப் போட்டுதான் ஆகணும். வேலிக்கு மேல நீட்டினேன்.

அது வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்துச்சு. மருமகளும் பாத்துச்சு.

அப்பத்தான் ஏகாம்பரம் சைக்கிள்ல வந்து சேந்தான். ஒரு பக்கம் பிரியாணி வாளி, ஒரு பக்கம் ஐஸ் மூட்டை. கால்வாயப் பாத்துட்டு சைக்கிளக் கீழ போட்டுட்டான்.

"இன்னாத்துக்கு சார் இவ்ளோ நேரம் உட்டீங்க? ரெண்டு நாளா லாரி லாரியா ஊத்தினேனே, அத்தினியும் போச்சே!"

"எதுக்குடா ஊத்தின?"

"உங்களுக்காகத்தான் சார். வெயில் காலத்துல தண்ணி அடியில பூடும், சாருக்கு இறைக்கக் கஷ்டம், அவர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரொப்பி வைன்னு மேனேஜர் சொன்னாரு. போன ஆடியிலருந்து ஊத்தறேன். நீங்களும் சீக்கிரமா முடிச்சிட்டு சாப்ட வர்றீங்க, நல்லாத்தான கீதுன்னு நெனச்சேன்."

அவன் பொய் சொல்லல சார். அவன் முகத்தப் பாத்தா தெரியும். எனக்கு உதவி பண்றோம்னு நெனச்சிட்டுத்தான் பண்ணியிருக்கான்.

வேலிக்கு அந்தாண்டருந்து அமுலு கேட்டுச்சு: "எந்த லாரி?"

ஏகாம்பரம் திரும்பி, "காலனிக்கு வந்துக்கினு இருந்துதே, அதே லாரிதான்க்கா. முன்ன பாதி இங்க, பாதி உங்களுக்கு. இப்ப அங்க நின்னுடுச்சா, முழுசும் இங்கதான்"னான்.

"எங்களுக்கு நின்னு போன லாரி, இந்தக் குழாய்க்கு வருதா?"

ஏகாம்பரத்துக்கு அப்பத்தான் ஒறைச்சது. அமுலு கத்தும், மண்ண வாரித் தூத்தும்னு நெனச்சேன். கத்தல. பாட்டில முந்தானையில சுத்திக்கிட்டு, மருமகளக் கூப்ட்டுக்கிட்டுப் போயிடுச்சு. நான் பின்னாடியே கூப்பிட்டுப் பாதி ஐஸை ஒரு பையில போட்டுக் குடுத்தேன். இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போகணும்மா, சூடாக விடாதன்னு சொன்னேன். தலையாட்டுச்சு.

அரை மணி நேரத்துல நந்தகோபால் கார்ல வந்து எறங்குனாரு. ஏகாம்பரம் போன் பண்ணியிருக்கான். வாட்ச்மேன் வேலையச் செஞ்சிருக்கான், தப்பில்ல. அவர் கால்வாயப் பாக்கல, என்னைப் பாத்தாரு.

"முதல்ல வந்தாப்ல தெளிவான தண்ணியையே பாட்டில்ல புடிச்சு அனுப்பிடுங்க. லாரித் தண்ணித் தொட்டி பக்கத்துல இருக்கு, அதுலருந்து எடுத்தாலும் சரி."

"அது மாதிரி இல்ல சார், அது ஊத்தின தண்ணி."

"மூணு தடவ அனுப்பினீங்களே, அது என்ன தண்ணி?"

நான் மீட்டரப் பாத்தேன். அவரே திரும்பச் சொன்னாரு: "யோவ், தண்ணி மொண்டு குடுக்கற ஆளு நீ. மொண்டு குடுத்துட்டுப் போ. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

தண்ணி மொண்டு குடுக்கற ஆளு. இருபத்தி மூணு வருசம் சர்வீஸ் சார். டேப்பு, மீட்டர், கையுறை, அத்தனையும் என் கையில இருக்கு, என்னப் பாத்து மொண்டு குடுக்கற ஆளுன்னா? நான் மஞ்சத் தண்ணிய நாலு பாட்டில்ல புடிச்சேன், அவர் கண்ணு முன்னாடியே லேபிள் ஒட்டினேன், ஐஸ்ல வெச்சேன், பஸ் ஏறிட்டேன். அவர் மட்டும் அன்னைக்கும் 'இன்ஜினியர் சார், கொஞ்சம் பாத்து பண்ணுங்க'ன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அத நான் யோசிக்கல. யோசிக்க என்ன இருக்கு அதுல.

பிரியாணியத் தொடல. ஆறிப் போச்சு.

லேப்ல எங்க முதலாளி ரெண்டு நாள் என்கிட்ட நல்லா பேசினாரு, மூணாவது நாள் பேசல. ரிசல்ட்ட வெளிய விடாம நிறுத்தி வெச்சாரு. அது அப்படியே நின்னிருக்கும். ஆனா திங்கக்கிழமை மனு குடுக்கற நாளு. அமுலு காலனிப் பொம்பளைங்க இருபது பேரைக் கூட்டிக்கிட்டுப் போய், வரிசையில நின்னு, கலெக்டர் மேசை மேல அந்தப் பாட்டில வெச்சிடுச்சு.

எனக்கு இதுல ஒரு வருத்தம் என்னன்னா, வெள்ளிக்கிழமை எடுத்த மாதிரி திங்கக்கிழமை போயிருக்கு. மூணு நாள் சார். இளநிக் கடைக்காரன் ஐஸ் பொட்டியில வெச்சிருந்துதாம். நியாயமா பாத்தா அந்த மாதிரி செல்லவே செல்லாது. ஆனா மஞ்சளா இருந்துச்சு. கலெக்டரும் பாத்தாரு, அது போதும்னுட்டாரு. லேபிளப் படிச்சிட்டு, யாருப்பா இந்த எத்திராஜ், வரச் சொல்லுன்னுட்டாரு.

பத்து நாள் கழிச்சு விசாரணை. ஒரு சின்ன ரூம்பு, ஒரு லேடி ஆபீசர், கண்டிப்பான அம்மா. ஒரு பக்கம் நந்தகோபாலும் வக்கீலும். ஒரு பக்கம் அமுலு, இன்னும் நாலஞ்சு பேரு. ஏகாம்பரமும் வந்து, சாருக்குக் கஷ்டம் இருக்கக்கூடாதுன்னுதான் ஊத்தினேன்னு உள்ளத அப்படியே சொல்லிட்டான். வக்கீலு எழுந்து, அவன் ஏதோ செடிக்கு ஊத்தியிருப்பான், கிணத்துல ஊத்தலன்னாரு. அப்புறம் என்னோட பழைய மூணு தாளை எடுத்துப் போட்டாரு. அந்த ஆளு கெட்டிக்காரன்.

"இவரே எழுதியிருக்காரு பாருங்க. ஜூலையில நாப்பத்தஞ்சு நிமிசம் இறைச்சது. தண்ணி தெளிவு. அக்டோபர்ல நாப்பத்தஞ்சு நிமிசம், தெளிவு. ஜனவரியில நாப்பத்தஞ்சு நிமிசம், தெளிவு. ஏப்ரல்ல மட்டும் முப்பத்தஞ்சாவது நிமிசத்துல மஞ்சள்னா, அது ஏப்ரல்ல புதுசா வந்தது. அதுக்கு முன்னாடி தண்ணி சுத்தமாத்தான் இருந்திருக்கு. லாரிய நிறுத்தினது சரிதான்."

ஆபீசர் அம்மா என்னைப் பாத்தாங்க. "என்ன மிஸ்டர் எத்திராஜ், நாப்பத்தஞ்சு நிமிசம் இறைச்சீங்களா?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என் வேலை நிலைச்சு நிக்கும். என் கையெழுத்து நிக்கும். இருபத்தி மூணு வருசம் நிக்கும். இந்த ரூம்புல யாராலயும் இல்லேன்னு சொல்ல முடியாது. பக்கத்துல இருந்தது ஏகாம்பரம் ஒருத்தன், அவனுக்கு வாட்ச் கூட கெடையாது; அமுலு கேள்வியக் கேட்டுட்டுப் போயிடும்.

நான் மொதல்ல விதியச் சொன்னேன். அளவுங்க மூணு தடவ ஒரே மாதிரி இருந்தா நிறுத்திக்கலாம்னு ஒரு முறை இருக்கு மேடம், அது ஒரு வகையில ஏத்துக்கிட்ட முறைதான், ஊத்தின தண்ணி கலப்பு இல்லாம இருக்கறதால அளவு சீக்கிரம் நின்னுடும், அது மோட்டாரோட குத்தமோ மீட்டரோட குத்தமோ இல்லன்னு விளக்கமா சொன்னேன். அவங்க பேனாவ மூடி வெச்சிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. முடிச்சதும், "எத்தனை நிமிசம்?"னாங்க.

"அஞ்சு"ன்னேன்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். சாப்பாடு வந்துடும் மேடம்."

யாரும் சிரிக்கல. நாப்பத்தஞ்சுன்னு ஏன் எழுதினேன்னா, படிவத்துல அந்தக் கட்டத்துல நாப்பத்தஞ்சுதான் சார் எழுதுவோம். பதினொரு வருசமா அந்தக் கிணத்துக்கு நாப்பத்தஞ்சு நிமிசம்தான். கை அதுவா எழுதிடுது. எழுதறப்ப நான் பொய் எழுதறேன்னு எனக்குத் தோணல. அதையும் சொன்னேன். அவங்க அத எழுதிக்கல.

அப்புறம் நான் ஒரு கோரிக்கை வெச்சேன். தாளைக் குடுங்க, முறைப்படி திருத்தித் தர்றேன்னு. எங்க தொழில்ல தப்பை அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, கீழ இருக்கற நம்பர் படிக்கற மாதிரி விட்டு, பக்கத்துல சரியான நம்பர எழுதி, தேதியும் கையெழுத்தும் போடணும். மூணு தாளுலயும் போட்டேன். நாப்பத்தஞ்ச அடிச்சு அஞ்சு. நாப்பத்தஞ்ச அடிச்சு அஞ்சு. நாப்பத்தஞ்ச அடிச்சு அஞ்சு. நல்லா நேரா போட்டேன். அமுலு எழுந்து வந்து பக்கத்துல நின்னு பாத்துச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாதுன்னு இத்தனை வருசம் நெனச்சிட்டு இருந்தேன். தெரியும் போல இருக்கு.

மறு வாரமே லாரி வந்துடுச்சு. கம்பெனி மேல கேஸு நடக்குது. ஒம்போது கிணத்துக்கும் மூடி போட்டுப் பூட்டு போட்டாங்க, சாவி கலெக்டர் ஆபீஸ்ல. நந்தகோபால வேற ஊருக்கு மாத்திட்டாங்க. ஏகாம்பரத்தை நிறுத்திட்டாங்க. என்னையும் நிறுத்திட்டாங்க. இப்ப டவுன்ல ஒரு சின்ன லேப்ல இருக்கேன், வீடு கட்றவங்க கொண்டாந்து குடுக்கற தண்ணிய டெஸ்ட் பண்ணிக் குடுக்கறேன். கஷ்டமான வேலை இல்ல.

விசாரணை முடிஞ்சு வெளிய வந்தப்ப, பஸ் ஸ்டாப்ல அமுலு நின்னுட்டு இருந்துச்சு.

"அப்ப ரெண்டரை மாசம் எங்க போர்ல நாங்க குடிச்சது இன்னா தண்ணி?"

"உங்க போரை நான் அளக்கலம்மா. அளக்காததைப் பத்தி நான் பேசக்கூடாது."

"அப்ப வந்து அள"ன்னுட்டு பஸ் ஏறிடுச்சு.

அதான் சார் போறேன். ஆறு மாசமா, மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம. காலனியில பன்னெண்டு போர் இருக்கு, பன்னெண்டு பாட்டில். யாரும் என்னைப் போகச் சொல்லல, அமுலுவத் தவிர. ரிசல்ட்ட அதுகிட்டதான் மொதல்ல குடுக்கறேன், அது கதவுல ஒட்டி வெச்சிக்குது. குழந்தைக்குப் பரவால்ல. முதுகுல தழும்பு இருக்கு, போகும்னு டாக்டர் சொன்னாராம்.

ஆனா ஒண்ணு சார், அந்தம்மாகிட்ட வேலை செய்யறது லேசுப்பட்ட காரியம் இல்ல. மோட்டாரப் போட்டதும் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துக்குது. செல்போன எடுத்து நேரம் வெச்சிடுது. பதினஞ்சு, இருபது நிமிசத்துல அளவு நின்னுடும். நான் சொல்லிப் பாத்துட்டேன்: "ஏம்மா, இது தினம் ஓடற போரு, இதுக்கு இவ்ளோ தேவையில்ல, விதியிலயே இருக்கு." "இருக்கட்டும்"ங்குது. நாப்பத்தஞ்சு நிமிசம் ஆனாதான் "ம்"ங்குது. பன்னெண்டு போருக்கும் அப்படித்தான். காலையில ஆரம்பிச்சா பொழுது சாஞ்சிடுது. அவ்ளோ நேரமும் கூடவே உக்காந்திருக்கு, போனப் பாக்குது, என் கையப் பாக்குது, திரும்பப் போனப் பாக்குது.

இதோ, ஈச்சந்தாங்கல் புளியமரம் வந்துடுச்சு, நான் எறங்கணும். கொஞ்சம் காலை மடக்கிக்குங்க. பெட்டி இடிச்சுடுச்சா? மன்னிச்சுக்குங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். பகல் பூரா வெயில்ல நிக்கறேன் சார். ஆறு மாசமா போறேன். வீட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுப்போம்னு அந்தம்மாவுக்கு ஒரு நாள் கூடத் தோணல, பாருங்க.